ஃபேஸ்புக்கில் எல்லாம் போடுகிறார்கள், நம் ஃபார்மை மட்டும் நிரப்ப மாட்டேன் என்கிறார்கள்

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றபின் ஊர் நகரத்தார் சங்க வேலைகளைப் பார்த்துவருகிறேன். கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளி என்போம். சில வருஷங்களுக்கு ஒரு முறை ஊர்ப் புள்ளி விவரப் புத்தகம் போடுவது எங்கள் வழக்கம். இந்த முறை இணையதளத்திலும் ஏற்றலாம், பழைய புத்தகங்களையும் ஸ்கேன் செய்து போட்டுவிடலாம் என்று முடிவெடுத்து, வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பினோம். பெயர், பிறந்த தேதி, நேரம், நட்சத்திரம், படிப்பு, வேலை, சம்பளம், ரத்த வகை, செல் நம்பர், வெளியூர் முகவரி, ஊர் வீட்டு முகவரி, வீடு திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம், குடும்பப் போட்டோ, அடையாளத்துக்கு ஆதார் நகல் என்று கேட்டிருந்தோம். வரன் பார்க்க, அவசரத்துக்கு ரத்தம் கேட்க, எல்லாம் நல்லதுக்குத்தான். மூன்று மாதம் ஆகியும் பாதிப் புள்ளி கூடத் தேறவில்லை. நிரப்பாதவர்கள் பட்டியலைக் குரூப்பில் போட்டுப் பார்த்தோம். நாலைந்து பேர் குரூப்பை விட்டே போய்விட்டார்கள். சென்னையில் இருக்கும் என் மகளே, "என் பேரை எடுத்துடுங்க அப்பச்சி" என்கிறாள். அவளுடைய ஃபேஸ்புக்கில் பிள்ளைகளின் பிறந்தநாள் முதல் எல்லாம் இருக்கிறது. ஊர் உலகத்துக்கே காட்டுகிறவர்கள் சொந்த ஊருக்குச் சொல்லக் கூடாதா? இவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்:

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

அந்த ஃபார்ம் எனக்கு வந்திருந்தால் நானும் நிரப்பியிருக்க மாட்டேன். மக்களிடம் எதைக் கேட்கலாம், கேட்டு வாங்கியதை எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நிறுவனங்களுக்குச் சொல்வதுதான் என் தொழில். அதனால் வந்த பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். காரைக்குடியில் பிறந்து வளர்ந்தவள் என்ற முறையிலும் என் பதில் அதுதான்.

மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. "வீடு பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம்" என்ற இரண்டு கட்டங்களையும் இன்றைக்கே ஃபார்மில் இருந்து எடுத்துவிடுங்கள். ஃபார்மில் எடுத்தால் மட்டும் போதாது. இதுவரை வந்த பதில்கள் இருக்கும் எக்செல் ஷீட்டிலும் அந்த இரண்டு வரிசைகளை அழிக்க வேண்டும். யாராவது டவுன்லோடு செய்து வைத்திருந்தால் அவரிடமும் சொல்லி அழிக்கச் செய்யுங்கள். நம் ஊர்களில் முக்கால்வாசி வீடுகள் விசேஷத்துக்கு மட்டும் திறக்கிற வீடுகள். பர்மா தேக்குத் தூணுக்கும் பழைய கதவு நிலைக்கும் பித்தளைச் சாமானுக்கும் வெளியே என்ன விலை என்பது உங்களுக்கும் தெரியும், திருடனுக்கும் தெரியும். எந்தத் தெருவில் எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர் எந்த நாட்டில் இருக்கிறார், சாவி எந்தக் கிழவியிடம் இருக்கிறது என்று ஒரே பக்கத்தில் எழுதி வைத்தால் அதைத் தேடி வருகிறவர் வரன் பார்க்கிறவராக இருக்க மாட்டார்.

அப்புறம் இன்னொன்றும் பாருங்கள். கூகுள் ஃபார்மில் பதில்களின் சுருக்கத்தை நிரப்பியவர்களுக்கும் காட்டும் ஓர் அமைப்பு உண்டு. அது ஆன் ஆகியிருந்தால் ஒருவர் எழுதியதை அடுத்தவர் பார்க்கலாம். ஷீட்டையும் "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்று திறந்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஃபார்ம் தயாரித்த தம்பி அவசரத்தில் அப்படிச் செய்திருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஃபேஸ்புக்கில் எல்லாவற்றையும் போடுகிறவர்கள் இங்கே மட்டும் ஏன் பிகு செய்கிறார்கள் என்பது உங்கள் ஆதங்கம். இந்த முரண்பாட்டை ஆராய்ச்சியாளர்களும் ரொம்ப நாளாகக் கவனித்து வருகிறார்கள். 2006ல் சூசன் பார்ன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைப் பற்றி எழுதினார். அதே வருஷம் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அலெஸாண்ட்ரோ அக்விஸ்டியும் ரால்ஃப் கிராஸும் தங்கள் மாணவர்களிடம் பார்த்தபோது, அந்தரங்கம் பற்றி ரொம்பக் கவலைப்படுவதாகச் சொன்னவர்களிலும் பலர் ஃபேஸ்புக்கில் ஏகப்பட்ட விவரங்களைப் போட்டிருந்தார்கள். கவலை ஒரு பக்கம், கை ஒரு பக்கம். இதை வைத்து "இவர்கள் கவலையெல்லாம் சும்மா" என்று சொல்லிவிடலாம்தான். உங்கள் கடிதத்திலும் அந்தத் தொனி இருக்கிறது.

ஆனால் பின்னால் வந்த ஓர் ஆய்வு உங்கள் ஃபார்முக்கு இன்னும் நெருக்கமானது. அதே பல்கலைக்கழகத்தில் லாரா பிராண்டிமார்ட்டே, அக்விஸ்டி, ஜார்ஜ் லோவன்ஸ்டைன் மூவரும் செய்து 2013ல் வெளியிட்டது. கல்லூரிக்குள் புதிதாக வரப்போகும் ஒரு தளத்துக்கு என்று சொல்லி மாணவர்களிடம் சொந்த விவரங்களைக் கேட்டார்கள். ஒரு பிரிவிடம், "நீங்கள் எழுதுவது அப்படியே வெளியாகும்" என்றார்கள். இன்னொரு பிரிவிடம், "வந்ததில் பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வெளியிடுவோம்" என்றார்கள். கணக்குப்படி பார்த்தால் இரண்டாவது பிரிவுக்கு ஆபத்து பாதிதான். அவர்கள்தான் அதிகம் சொல்லியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. தான் எழுதுவது வெளியாவது தன் கையில் இல்லை என்றதும் அவர்கள் வாயை இறுக்கிக்கொண்டார்கள்.

உங்கள் மகள் ஃபேஸ்புக்கில் எந்தப் படத்தைப் போடுவது, யாருக்குக் காட்டுவது, எப்போது எடுப்பது என்பதைத் தானே முடிவு செய்வதாக நினைக்கிறார். அது முழு உண்மை இல்லை. அந்த நிறுவனம் அவரைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பது அவர் போட்டதைவிட ரொம்ப அதிகம். ஆனாலும் பட்டனைத் தட்டுகிற கை அவருடையது. உங்கள் ஃபார்மில் அந்தக் கை இல்லை. நிரப்பி அனுப்பிய அடுத்த நிமிஷம் அது எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள், எத்தனை வருஷம் இருக்கும், வேண்டாம் என்றால் எடுக்க முடியுமா என்று ஒரு வரி கூட அதில் இல்லை என்று உங்கள் கடிதத்தில் இருந்தே தெரிகிறது.

ஊருக்குச் சொல்லக் கூடாதா என்று கேட்கிறீர்கள். ஊருக்கு எல்லாரும் காலம் காலமாகச் சொல்லித்தான் வந்திருக்கிறார்கள் ஐயா. நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் அவரவர் கோயிலில் கல்யாணத்தைப் பதிந்து கோயில் மாலை வாங்குவதற்கு யாராவது முகம் சுளித்திருக்கிறார்களா? மாலை வந்தால்தான் கல்யாணம், பதிந்தால்தான் புள்ளி. என்ன எழுதுகிறார்கள், யார் எழுதுகிறார்கள், எதற்கு என்பது எல்லாருக்கும் தெரியும். நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கித்தான் பானை வரிசை முடிவாகிறது. அங்கே பெயர் கொடுக்க யாரும் தயங்கியதாகக் கேள்விப்பட்டதில்லை. விட்டுப்போனால்தான் சண்டை. மொய் நோட்டில் ஊரறியப் பெயரும் தொகையும் எழுதுகிற ஜனங்கள் நாம். கூச்ச சுபாவம் என்று யாரும் நம் மேல் பழி போட முடியாது.

ஹெலன் நிஸன்பாம் என்ற தத்துவப் பேராசிரியர் 2004ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத் தெளிவாகச் சொல்கிறார். ஒரு விவரம் ரகசியமா வெளிப்படையா என்று இரண்டே பெட்டிகளில் அடைக்க முடியாது. டாக்டரிடம் சொன்னது டாக்டரிடம் இருக்க வேண்டும், வங்கியில் கொடுத்தது வங்கியில் இருக்க வேண்டும். எந்த இடத்தில், எந்த எதிர்பார்ப்போடு சொன்னோமோ அந்த எதிர்பார்ப்பை மீறி இன்னோர் இடத்துக்குப் போகும்போதுதான் மனிதனுக்குத் தன் அந்தரங்கம் மீறப்பட்டதாகத் தோன்றுகிறது என்பது அவர் வாதம். கோயில் நோட்டில் இருந்தது கூகுள் தேடலில் வந்து நிற்பது அப்படி ஒரு மீறல். எழுத்து அதேதான், போய்ச் சேருகிற இடம்தான் வேறு.

பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து போடும் யோசனையை நான் எதிர்ப்பதும் இதனால்தான். அந்தக் காலத்தில் விவரம் கொடுத்தவர் நினைத்தது ஊரில் நூறு, இருநூறு வீட்டு அலமாரிகளில் இருக்கப்போகும் ஒரு புத்தகத்தை. அதில் இருப்பவர் பலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். பிள்ளை கூட்டிக்கொண்ட, அதாவது தத்து எடுத்த விவரம் இருக்கும். முறிந்துபோன கல்யாணம் அதில் முறியாமலே இருக்கும். பங்காளிகளுக்குள் வழக்கு நடக்கிற வீடுகளில், யார் யாருக்குப் பிறந்தவர் என்று ஒரு வக்கீல் மேற்கோள் காட்டுகிற அளவுக்கு விவரம் இருக்கும். இதையெல்லாம் சிங்கப்பூரில் உட்கார்ந்து ஒருவர் தேடி எடுக்கும்படி செய்ய யாரும் உங்களுக்கு அனுமதி தரவில்லை.

ஜனங்கள் கவலைப்பட்டால் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்த்துவிடுவோம். முதல் வகை, ஒதுங்கிவிடுவார்கள். அமெரிக்க வணிகத் துறையின் கீழ் இருக்கும் ஓர் அமைப்பு 2015ல் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் விசாரித்து அடுத்த வருஷம் முடிவுகளை வெளியிட்டது. இணையம் பயன்படுத்தும் குடும்பங்களில் 45 சதவீதம், அந்தரங்கம் அல்லது பாதுகாப்புக் கவலையால் பணப் பரிமாற்றமோ, பொருள் வாங்குவதோ, சமூக வலைதளத்தில் எழுதுவதோ, சர்ச்சையான விஷயத்தில் கருத்துச் சொல்வதோ ஏதாவது ஒன்றைச் செய்யாமல் விட்டதாகச் சொல்லியிருக்கின்றன. அது அந்த நாட்டுக் கணக்கு, நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் பாதிப் பேர் ஒதுங்குவது அதிசயம் இல்லை என்பதற்கு அது போதும்.

இரண்டாவது வகைதான் உங்களுக்கு ஆபத்து. நேருக்கு நேர் மாட்டேன் என்று சொல்லச் சங்கடப்படுகிறவர்கள் பொய்யாக நிரப்பிவிடுவார்கள். செல் நம்பரில் ஓர் இலக்கம் மாறியிருக்கும். பிறந்த வருஷம் இரண்டு தள்ளி இருக்கும். சம்பளக் கட்டத்தில் என்ன இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காலியாக இருக்கிற கட்டத்தைப் பார்த்தால் தெரிகிறது, பொய்யாக நிரம்பிய கட்டம் தெரியாது. நீங்கள் குரூப்பில் பெயர்ப் பட்டியல் போட்டு நெருக்கிய பிறகு வந்த பதில்களை நான் அவ்வளவாக நம்ப மாட்டேன். அவற்றை ஒருமுறை போன் போட்டுச் சரிபார்ப்பது நல்லது.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. "எல்லாம் எப்பவோ போயிருச்சு, இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது" என்று சலிப்போடு எல்லாவற்றையும் நிரப்பித் தருகிறவர்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் டூரோவும் அவருடைய குழுவும் 2015ல் இந்தச் சலிப்பைப் பற்றித்தான் எழுதினார்கள். விவரத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்பதால் சந்தோஷமாகக் கொடுத்தார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் கண்டது. உங்களுக்கு வந்திருக்கிற பாதியிலும் இந்தச் சலிப்புக்காரர்கள் இருப்பார்கள்.

இந்தக் கவலைகளுக்கு நியாயம் இருக்கிறதா என்றால், உங்கள் பட்டியலையே எடுத்துப் பார்க்கலாம். லட்டான்யா ஸ்வீனி என்ற கணினி அறிஞர் 2000ல் ஒரு கணக்குப் போட்டார். அஞ்சல் குறியீட்டு எண், ஆணா பெண்ணா, முழுப் பிறந்த தேதி இந்த மூன்று மட்டும் தெரிந்தால் அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைப் பெயர் இல்லாமலே தனித்தனியாகப் பிரித்துவிடலாம் என்றார். நீங்கள் பெயரோடு, நேரத்தோடு, நட்சத்திரத்தோடு கேட்கிறீர்கள். கூடவே செல் நம்பர், ஆதார் நகல். வங்கியில் இருந்து பேசுகிறேன் என்று ஒருவன் போன் செய்து நம்ப வைப்பதற்கு இதில் பாதியே அதிகம். நீங்கள் வங்கியில் இருந்தவர். தெரியாத லிங்கில் போய் விவரம் நிரப்பாதீர்கள் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீர்கள்! இப்போது ஜனங்கள் அதைத்தான் கேட்டு நடக்கிறார்கள். போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து டிஜிட்டல் கைது என்று மிரட்டிப் பணம் பிடுங்குகிற காலத்தில், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு லிங்கை நம்பாத ஆச்சியை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆதார் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மூன்று தலைமுறை தெரிந்த வீட்டில் போய் அடையாள அட்டை கேட்பது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. அது அவமானமாகவும் படும். வெளியாள் நுழைந்துவிடக் கூடாது என்றால் அதே கோயில் பிரிவைச் சேர்ந்த இரண்டு பெரியவர்கள் சரி என்று சொன்னால் போதாதா? 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே, கண்ட இடத்தில் ஆதார் நகல் கொடுக்காதீர்கள், கடைசி 4 எண்கள் மட்டும் தெரிகிற நகலைக் கொடுங்கள் என்று ஓர் அறிவிப்பு விட்டது. ஜனங்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று உடனே அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். எண்களை மறைத்த ஆதார் வசதி மட்டும் இன்றும் இருக்கிறது. சங்கத்துக்கு அதுவும் தேவையில்லை. வந்த நகல்களை அழித்துவிட்டு, அழித்துவிட்டோம் என்று கொடுத்தவர்களுக்குச் சொல்லுங்கள். அதோடு, ஃபார்மில் போட்டோவோ நகலோ ஏற்றச் சொன்னால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும், உங்கள் பெயரும் மின்னஞ்சலும் பதிவாகும் என்று ஒரு வரியும் காட்டும். பாதிப் பேர் அந்த இடத்திலேயே மூடிவிட்டுப் போயிருப்பார்கள்.

இப்போது மகள். பெண்கள் ஏன் முதலில் மறுக்கிறார்கள் என்று சங்கத்தில் யாராவது யோசித்தீர்களா? வரன் பார்க்கக் கொடுத்த ஒரு பெண்ணின் பயோடேட்டா எத்தனை குரூப்பில் சுற்றுகிறது என்பது கொடுத்த வீட்டுக்கே தெரியாது. கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் "வரன் விஷயமா பேசணும்" என்று போன் வருகிற பெண்கள் இருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் வருகிற போன்கள் வரன் விஷயமாகக் கூட இருக்காது. இதையெல்லாம் அப்பச்சியிடம் உட்கார்ந்து விளக்குகிற பெண்கள் குறைவு. "பேரை எடுத்துடுங்க" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வார்கள். உங்கள் மகளுக்கு அப்படி ஏதும் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. நீங்களும் துருவிக் கேட்க வேண்டாம். பெயரை எடுத்துவிட்டு, எடுத்துவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை அவர் சொல்ல நினைத்தால் சொல்வார்.

இது இந்தக் காலத்துப் பிள்ளைகளின் பிகு என்றும் எண்ண வேண்டாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்களே, ஆதாரை எதிர்த்து அந்த வழக்கைத் தொடுத்தவர் கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் இருந்து ஓய்வு பெற்ற நீதிபதி. 2012ல் வழக்குப் போட்டபோது அவருக்கு வயது எண்பதுக்கு மேல்.

சட்டத்தைப் பற்றியும் சங்கக் கூட்டத்தில் கேட்பார்கள், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. விவரம் திரட்டுகிறவர்கள் செய்ய வேண்டிய முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அதாவது 2027 நடுவில் எல்லாம் அமலுக்கு வந்துவிடும். ஒருவர் தன் சொந்த, குடும்ப உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளும் விவரத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சங்கம் திரட்டி இணையத்தில் ஏற்றுவதை அந்த வகையில் சேர்க்க முடியாது. எதற்குக் கேட்கிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். கேட்ட காரியத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வசதி கேட்பவருக்கு இருக்க வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோர் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்க வேண்டும். காகிதத்தில் இருந்ததைப் பின்னால் டிஜிட்டலாக மாற்றினாலும் சட்டம் பொருந்தும், ஆகவே உங்கள் ஸ்கேன் யோசனையும் இதற்குள் வருகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒருவர் தன்னைப் பற்றித் தானே பொதுவில் போட்டுக்கொண்ட விவரத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. மகள் தானே எல்லாரும் பார்க்கும்படி ஃபேஸ்புக்கில் போட்டது ஒரு கணக்கு, அவரைப் பற்றிச் சங்கம் போடுவது வேறு கணக்கு. நீங்கள் முரண்பாடு என்று சொன்ன இடத்தில்தான் சட்டமும் கோடு போட்டிருக்கிறது.

இனி என்ன செய்யலாம்? ஃபார்மைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். மறைந்தவர்களில் இருந்து தொடங்குவது என் யோசனை. ஐயா, அப்பத்தா, அவர்களுக்கு முந்தைய தலைமுறை, பர்மாவில் எந்த ஊரில் கடை வைத்திருந்தார்கள், எப்போது திரும்பினார்கள். இதைக் கேட்டால் ஃபார்ம் நிரப்பாதவர்கள் கூட ஒரு மணி நேரம் பேசுவார்கள். பழைய போட்டோவை அவர்களே தேடி எடுத்துத் தருவார்கள். இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால் அதை ஏற்றுங்கள், அந்தந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு.

உயிரோடு இருப்பவர்களுக்கு அச்சுப் புத்தகம் போதும். பெயர், பெற்றோர் பெயர், கோயிலும் பிரிவும், இப்போது வசிக்கிற நகரம். கதவு எண் வேண்டாம். சம்பளம் எந்தக் காலத்திலும் வேண்டாம். பிள்ளைகளின் படமும் பிறந்த தேதியும் வேண்டாம். பிடிஎஃப் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருங்கள். புத்தகத்தைப் பிடிஎஃப் ஆக்கிய அன்றே அது உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. ரத்தம் கொடுக்க விருப்பம் உள்ளவர்கள் தாங்களே முன்வந்து பெயர் கொடுக்கட்டும், அந்தச் சின்னப் பட்டியலைச் செயலாளர் தன்னிடம் வைத்திருக்கட்டும். அவசரத்தில் எல்லாரும் குரூப்பில்தானே கேட்கிறோம்.

வரன் பார்க்கும் வேலையை இதிலிருந்து முழுசாகப் பிரித்துவிடுங்கள். தேவைப்படுகிற பெற்றோர் மட்டும், பிள்ளையின் சம்மதத்தோடு கொடுக்கட்டும். ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்று இரண்டு பேர் பொறுப்பு. இரண்டு வீட்டாரும் சரி என்ற பிறகு அவர்களுக்குள் ஜாதகமும் படமும் கைமாறட்டும், சங்கத்தின் வழியாகப் போகவே வேண்டாம். ஒரு வருஷம் ஆனால் அல்லது கல்யாணம் நிச்சயமானால் பட்டியலில் இருந்து எடுத்துவிட வேண்டும். முன்பு ஊரில் நாலு பெரியவர்கள் செய்துகொண்டிருந்த வேலைதான் இது, நன்றாகத்தான் நடந்தது.

புதிய படிவத்தின் தலைப்பில் இப்படி எழுதலாம். அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்:

"ஊர்ப் புள்ளி விவரப் புத்தகத்துக்காக இந்த விவரங்களைக் கேட்கிறோம். பெயர், பெற்றோர் பெயர், கோயில், வசிக்கும் நகரம் இவை மட்டும் அச்சாகும். செல் நம்பர் சரிபார்க்கக் கூப்பிடுவதற்கு மட்டும், அச்சாகாது. இந்தப் பதில்களைச் செயலாளர், பொருளாளர் இருவர் மட்டும் பார்ப்பார்கள். இணையத்தில் போட மாட்டோம். புத்தகம் வெளியானதும் எல்லாப் பதில்களையும் அழித்துவிடுவோம். அச்சுக்குப் போகும்வரை திருத்தவோ பெயரை எடுக்கவோ நினைத்தால் ஒரு போன் போதும், காரணம் கேட்க மாட்டோம். எந்தக் கட்டத்தையும் காலியாக விடலாம்."

எழுதினால் அதன்படி நடக்கவும் வேண்டும். அழிப்போம் என்று எழுதிவிட்டு அடுத்த முறைக்கு உதவும் என்று ஒரு காப்பி வைத்துக்கொண்டால், அது வெளியே தெரிய வருகிற அன்று உங்கள் ஊரில் இனி யாரும் எதற்கும் பெயர் தர மாட்டார்கள். எழுத முடியாத வயசானவர்களுக்கு லிங்க் அனுப்பாமல் நேரில் போங்கள், அல்லது அவர்களுக்குக் குரல் தெரிந்தவர் கூப்பிடட்டும். கார்த்திகைக்கோ பொங்கலுக்கோ எல்லாரும் ஊருக்கு வரும்போது கோயிலில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தால் மூன்று மாத வேலை மூன்று நாளில் முடியும்.

குரூப்பில் போட்ட நிரப்பாதவர் பட்டியலை நீங்களே நீக்கிவிட்டு ஒரு வரி வருத்தம் தெரிவியுங்கள். ஒருவர் சொல்ல மறுத்தார் என்பதும் அவரைப் பற்றிய ஒரு விவரம்தான். அதையும் அவரைக் கேட்காமல் ஊருக்குச் சொல்லிவிட்டீர்கள். விலகிப்போன நாலைந்து பேரைத் திரும்பச் சேர்க்க அட்மின் அவசரப்பட வேண்டாம். நீங்கள் தனியாகப் பேசுங்கள், வருகிறவர் வரட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் சிலர் மாட்டேன் என்பார்கள். எப்படிச் சம்மதிக்க வைப்பது என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு, வைக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். புத்தகத்தில் அந்த வீட்டுப் பெயருக்கு எதிரே "விவரம் தர விரும்பவில்லை" என்று கூட அச்சிடாதீர்கள். பக்கத்தின் அடியில் மொத்தப் புள்ளி எத்தனை என்ற கணக்கில் அவர்களையும் சேர்த்துப் போடுங்கள். புள்ளி வரி கேட்கப் போகும்போது எல்லா வீட்டுக்கும் போவது போல அவர்கள் வீட்டுக்கும் போங்கள்.